கடன் கணக்கில் வளர்ந்த காதல்

திருமணத்துக்கு முன் ஓர் ஆணும் பெண்ணும் பெரியவர்களின் ஏற்பாடு இல்லாமல் தாமாகச் சந்தித்து, சில காலம் பழகி, ஒருவர் இயல்பை மற்றவர் அறிந்த பிறகு முடிவெடுக்கும் வழக்கத்தை இன்றைய நகர இளைஞர்கள் டேட்டிங் என்கிறார்கள். சொல்தான் புதியது, தமிழ் இலக்கணம் இந்தக் காலகட்டத்தைக் களவு என்று பெயரிட்டு, திருமணத்துக்குப் பிந்திய வாழ்வான கற்பிலிருந்து பிரித்து, தொல்காப்பியத்தில் அதற்கென ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறது. தலைவனின் தோழனான பாங்கன் வழியாக நிகழும் சந்திப்பு, தலைவியின் தோழி வழியாக நிகழும் சந்திப்பு, காதலைப் பெற்றோர் காதுக்குக் கொண்டு சேர்க்கும் அறத்தொடு நிற்றல், பெற்றோர் இசையாதபோது காதலனோடு ஊரைவிட்டுச் செல்லும் உடன்போக்கு என்று இந்த உறவின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த மரபில் ஒரு பெயர் உண்டு. அந்த மரபில் பொருள் தேடப் பிரிந்து செல்பவன் எப்போதும் தலைவனாகவும், காத்திருப்பவள் எப்போதும் தலைவியாகவும் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்திய நகரங்களில் மாதச் சம்பளம் வாங்கும் தலைவி தோன்றியபோது களவின் இலக்கணமே மாறியது. அந்த மாற்றத்தைத் துல்லியமாகக் காட்டும் ஒரு நிகழ்வு 1974-க்கும் 1978-க்கும் இடையில் புனே நகரில் நடந்தது. அதன் தலைவி பின்னாளில் எழுத்தாளராகவும் மாநிலங்களவை உறுப்பினராகவும் அறியப்பட்ட சுதா மூர்த்தி. தலைவன் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி.

வெங்காய அவலும் முறைப்பெண்ணும்

அவர்களுடைய பழக்கம் எவ்வளவு புதியது என்பதை உணர, அன்றைய புனேயில் வரன் தேடல் எப்படி நடந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். மராட்டியக் குடும்பங்களில் பெண் பார்க்கும் நிகழ்ச்சிக்குக் காந்தே போஹே என்று பெயர். காந்தா என்றால் வெங்காயம், போஹே என்றால் அவல். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது, நறுக்கிய வெங்காயமும் கடுகும் மஞ்சளும் தாளித்த அவல் உப்புமாவைப் பெண் தட்டில் ஏந்தி வந்து பரிமாறுவதால், பலகாரத்தின் பெயரே சடங்கின் பெயராகிவிட்டது. தமிழ்நாட்டில் சொஜ்ஜி பஜ்ஜி என்ற இரு சொற்களைச் சொன்ன உடனே பெண் பார்க்கும் கூடம் கண்முன் வருவதைப் போன்றதுதான் இது. இரண்டு சடங்குகளிலும் பேச்சு பெரியவர்களுக்கு உரியது, பார்வை மாப்பிள்ளைக்கு உரியது, தட்டு பெண்ணுக்கு உரியது.

இந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பை ஆராய்ந்த அறிஞரும் புனேவாசிதான். புனே டெக்கான் கல்லூரியில் பணியாற்றிய மானிடவியலாளர் இராவதி கார்வே, 1953-ல் வெளியிட்ட இந்திய உறவுமுறை பற்றிய நூலில், வடக்கில் பெண் அறிமுகமில்லாத குடும்பத்துக்கு மருமகளாகிறாள் என்றும், தெற்கில் மாமன் மகள், அத்தை மகன் போன்ற முறை உள்ளவர்களுக்குள் திருமணம் நடப்பதால் அவள் பெரும்பாலும் தெரிந்த வீட்டுக்கே போகிறாள் என்றும் வேறுபடுத்திக் காட்டினார். மராட்டியப் பகுதி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது என்பது அவர் கருத்து. இதன்படி பார்த்தால் இந்தியப் பெண்ணுக்கு இரண்டு வழிகளே இருந்தன: ஒன்று, பிறந்தது முதல் தெரிந்த முறைமாப்பிள்ளை, மற்றொன்று, திருமண நாள்வரை முகம் தெரியாத அயலான். அறிமுகமில்லாத ஒருவரைச் சந்தித்து, திருமணத்துக்கு முன்பே அவரைத் தெரிந்தவராக்கிக்கொள்ளும் மூன்றாவது வழியைத்தான் நகரம் திறந்துவிட்டது. அதற்கு வீட்டுக்கும் ஊருக்கும் வெளியே ஆணும் பெண்ணும் சமமாகப் புழங்கும் இடங்கள் தேவைப்பட்டன, அவற்றைப் புனே பெற்றிருந்தது. 1885-ல் தொடங்கிய ஃபெர்குசன் கல்லூரி, 1949-ல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், பிம்ப்ரி, சிஞ்ச்வட், அகுர்டி வட்டாரத்தில் எழுந்த தொழிற்சாலைகள் ஆகியவை இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் இளைஞர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தன.

அஞ்சல் அட்டை கொண்டுவந்த வேலை

சுதா குல்கர்னி என்ற இயற்பெயர் கொண்ட சுதா மூர்த்தி, கர்நாடகத்தின் வட பகுதியில் ஷிக்காவ்ன் என்ற ஊரில் 1950-ல் பிறந்தவர். மருத்துவரான ஆர்.எச். குல்கர்னியின் மகளான அவர், ஹூப்ளியின் பி.வி.பி. பொறியியல் கல்லூரியில் தம் வகுப்பின் ஒரே பெண்ணாகப் படித்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முதுகலை முடிக்கும் தறுவாயில், டெல்கோ நிறுவனத்தின் வேலை விளம்பரம் ஒன்றை அறிவிப்புப் பலகையில் கண்டார். டெல்கோ என்பது லாரிகள் தயாரித்த டாடா குழும நிறுவனம். பின்னாளில் டாடா மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது அதுவே. இளம் பொறியாளர்களைக் கேட்ட அந்த விளம்பரத்தின் அடியில், பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. சுதா குழுமத் தலைவர் ஜே.ஆர்.டி. டாடாவுக்கே ஓர் அஞ்சல் அட்டையில் தம் ஆட்சேபத்தை எழுதி அனுப்ப, சில நாட்களில் நிறுவனச் செலவில் புனேவுக்கு நேர்காணலுக்கு வருமாறு தந்தி வந்தது. விடுதித் தோழியர் அந்தப் பயணத்தைப் புனேப் புடவைகள் மலிவாக வாங்கும் வாய்ப்பாகக் கருதி, ஆளுக்கு 30 ரூபாய் கொடுத்தனுப்பினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். பிம்ப்ரியில் நேர்காணல் முடிந்தது, வேலையும் கிடைத்தது, டெல்கோவின் தொழிற்கூடத்தில் பணிபுரிந்த முதல் பெண் பொறியாளர் என்ற பெயரும் சேர்ந்தது.

நாராயண மூர்த்தி 1946-ல் கர்நாடகத்தின் சித்லகட்டாவில் ஓர் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்து, மைசூரிலும் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் படித்து, பாரிஸில் விமான நிலையச் சரக்குகளைக் கையாளும் கணினி அமைப்பை உருவாக்கிய குழுவில் பணியாற்றியவர். அங்கிருந்து 1974-ல் வழியில் வந்த வண்டிகளில் இடம் கேட்டு ஏறியபடி தரைவழியே ஊர் திரும்பும்போது, அன்றைய யூகோஸ்லாவியாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையிலான எல்லைப் பகுதியில், ரயிலில் ஒரு பெண்ணோடு பேசியதற்காகக் காவலர்களால் பிடிக்கப்பட்டு, உணவின்றி அடைத்து வைக்கப்பட்டார். அந்த அனுபவம் தம்முடைய இடதுசாரி நம்பிக்கையைக் கலைத்தது என்று அவர் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார். புனேவுக்கு வந்து ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்த அவரிடம் அப்போது நிறைய இருந்தவை புத்தகங்கள் மட்டுமே.

பாங்கனும் தையற்கடையும்

டெல்கோவில் சுதாவோடு பயிற்சி பெற்ற ஒரு நண்பர், மூர்த்தியின் நண்பர் வட்டத்தைச் சேர்ந்தவர். அவர் சுதாவுக்குப் படிக்கக் கொடுத்த புத்தகங்கள் பலவற்றின் உள்ளே மூர்த்தியின் பெயர் எழுதப்பட்டிருந்தது. இதனால், நேரில் காண்பதற்கு முன்பே, இத்தனை புத்தகம் வைத்திருப்பவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்ற சித்திரம் ஒன்று சுதாவின் மனத்தில் உருவாகிவிட்டது. இலக்கணம் சொல்லும் பாங்கன் தலைவியைக் கண்டுவந்து தலைவனிடம் வாயால் எடுத்துரைப்பவன். புனேயின் பாங்கனோ ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனவர். நேரில் கண்டபோது, மூக்குக்கண்ணாடி அணிந்த, கூச்ச சுபாவமுள்ள, அதிகம் பேசாத இளைஞரைப் பார்த்து அந்தச் சித்திரம் கலைந்ததாகச் சுதா நினைவுகூர்கிறார்.

மூர்த்தி நண்பர்கள் எல்லோரையும் இரவு உணவுக்கு அழைத்தபோது, குழுவில் தாம் ஒருவரே பெண் என்பதால் சுதா முதலில் மறுத்தார். வற்புறுத்தலுக்குப் பின், மறுநாள் இரவு 7.30 மணிக்குக் கிரீன் ஃபீல்ட்ஸ் ஓட்டலில் எல்லோரும் கூடுவதென முடிவாயிற்று. ஓட்டலுக்கு அருகில் ஒரு தையற்கடையில் வேலை இருந்ததால் சுதா 7 மணிக்கே அங்கே போக, ஓட்டல் வாசலில் மூர்த்தி முன்னதாகவே வந்து நின்றுகொண்டிருந்தார். 7 மணிக்குத் தையற்கடைக்கு வருவதைச் சுதாவே தம்மிடம் சொல்லியிருந்தார் என்பது மூர்த்தியின் உறுதியான கட்சி, அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது சுதாவின் கட்சி. ஒரு பெண் தனியாக வெளியே வருவதற்குத் தையற்கடை, நூலகம், கோயில் என்று ஏதேனும் ஒரு காரணம் தேவைப்பட்ட காலத்தில், அந்த அரை மணி நேர இடைவெளியில்தான் இருவரும் முதன்முறையாகக் கூட்டத்துக்கு வெளியே ஒருவரையொருவர் கண்டார்கள்.

சில காலம் பழகிய பின் மூர்த்தி தம் விருப்பத்தைத் தெரிவித்த விதமும் வழக்கத்துக்கு மாறானது. தம் உயரம் 5 அடி 4 அங்குலம் என்பதையும், கீழ் நடுத்தர வர்க்கத்தில் பிறந்ததையும், வாழ்நாளில் பணக்காரராக வாய்ப்பில்லை என்பதையும் முதலில் அடுக்கிவிட்டு, அதன் பிறகே சம்மதம் கேட்டார். வரன் பார்க்கும் வழக்கத்தில் தரகர் மாப்பிள்ளையின் குறைகளை மறைத்து நிறைகளைப் பெருக்கிச் சொல்வதே நடைமுறை. இங்கே தரகர் இல்லாததால் குறைகள் முன்னால் வந்தன. அந்த நேர்மைதான் தம்மை ஈர்த்தது என்று சுதா சொல்கிறார்.

சிவப்புச் சட்டை

சுதா ஹூப்ளிக்குச் சென்றபோது தாமே பெற்றோரிடம் செய்தியைச் சொன்னார். இலக்கணப்படி தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் கைமாற்றித் தெரிவிக்க வேண்டிய அறத்தொடு நிற்றலை, இங்கே தலைவி இடைத்தரகர் எவருமின்றித் தானே நிகழ்த்தினாள் எனலாம். பையன் கர்நாடகத்தைச் சேர்ந்தவர், அறிவாளி, நல்ல குடும்பம் என்பதால் தாயாருக்கு மறுப்பு இல்லை. தந்தை கேட்டவை வேறு: என்ன வேலை, எவ்வளவு சம்பளம், என்ன படிப்பு? மூர்த்தி அப்போது சுதாவைவிடக் குறைவாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்.

பெற்றோர் புனேவுக்கே வந்து காலை 10 மணிக்கு அவரைச் சந்திப்பதாக ஏற்பாடு. மூர்த்தி அந்நேரத்துக்கு வரவில்லை. பம்பாயில் வேலையாகச் சென்றிருந்த அவர், திரும்பும் வழியில் மலைச்சாலை நெரிசலில் சிக்கி, கைக்கு மீறிய செலவில் வாடகைக் கார் பிடித்து, நண்பகல் 12 மணிக்குப் பளிச்சென்ற சிவப்புச் சட்டையில் வந்து சேர்ந்தார். பம்பாய்க்கும் புனேவுக்கும் இடையிலுள்ள விரைவுச்சாலை 2002-ல்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன் கண்டாலா வழியாக ஏறி இறங்கும் பழைய மலைச்சாலையில் ஒரு லாரி நின்றாலே மணிக்கணக்கில் போக்குவரத்து முடங்கும் என்பது அந்தப் பாதையில் சென்ற எவருக்கும் தெரிந்ததே. ஆனால் சொன்ன நேரத்துக்கு வராதவரை நம்பி மகளை எப்படிக் கொடுப்பது என்பது தந்தையின் கேள்வி. வாழ்க்கையில் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டதற்கு, கம்யூனிஸ்ட் கட்சியில் அரசியல்வாதியாகவும், அனாதை இல்லம் தொடங்கவும் விருப்பம் என்று மூர்த்தி சொன்னதாகச் சுதா எழுதுகிறார். எல்லைச் சிறையில் இடதுசாரி நம்பிக்கை கலைந்ததாகச் சொல்லும் கணவரின் நினைவும், அதற்குப் பிறகும் கம்யூனிஸ்டாக விரும்பிய இளைஞரைக் காட்டும் மனைவியின் நினைவும் முழுமையாகப் பொருந்தவில்லை. கொள்கை மாற்றம் ஒரே இரவில் முடிந்துவிடுவதில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

தந்தையின் தீர்ப்பு மறுப்பாக அமைந்தது. அதற்குச் சுதா சொன்ன பதிலே இந்தக் கதையின் அச்சு: அவருடைய ஆசியின்றி மூர்த்தியை மணப்பதில்லை, அதே நேரம் வேறொருவரையும் மணப்பதில்லை. நிலையான வேலைக்குப் போவதாக மூர்த்தி வாக்களித்தால் சம்மதிப்பதாகத் தந்தை இறங்கிவர, பிறர் சொல்வதற்காக எதையும் செய்ய முடியாது என்று மூர்த்தி மறுத்துவிட்டார். மூன்று ஆண்டுகள் இப்படியே கழிந்தன. உடன்போக்குக்குச் செல்லாமலும், கிளம்பிய இடத்துக்கே திரும்பாமலும் இவ்வளவு காலம் நிற்க முடிந்ததற்கு அடிப்படைக் காரணம், சுதாவின் உணவுக்கும் உறைவிடத்துக்கும் தந்தையையோ காதலரையோ அவர் நம்பியிருக்கவில்லை என்பதுதான்.

யார் பணம் கொடுப்பது?

அந்த மூன்றாண்டுகளில் புனேயின் ஓட்டல்களிலும் திரையரங்குகளிலும் தாங்கள் போகாத இடமே இல்லை என்கிறார் சுதா. அன்றைய புனே இதற்கு வாகான நகரம். டெக்கான் ஜிம்கானா பகுதியில் 1935-ல் தொடங்கிய குட்லக் போன்ற ஈரானிக் கடைகள், ஒரு கோப்பைத் தேநீரும் வெண்ணெய் தடவிய பன்னும் வாங்கியவரை எழுந்து போகச் சொல்லாமல் உட்கார விட்டன. ஃபெர்குசன் கல்லூரிச் சாலையில் மாணவர் கூட்டம் நிறைந்து வழியும் வைஷாலி, 1950-களில் உடுப்பி வட்டாரத்திலிருந்து வந்த ஜகந்நாத் ஷெட்டி மெட்ராஸ் ஹெல்த் ஹோம் என்ற பெயரில் தொடங்கிய கடை. இட்லி, தோசை என்றாலே மெட்ராஸ் என்று வடக்கே வழங்கிய காலத்தின் தடயம் அந்தப் பெயர். இத்தகைய ஓட்டல்கள் வெறும் சாப்பாட்டுக் கடைகளாக இல்லாமல், ஆணும் பெண்ணும் நாலுபேர் பார்க்க, ஆனால் யார் காதிலும் விழாமல் பேசக்கூடிய பொது இடங்களாக விளங்கின. வீட்டுக் கூடத்தில் பெண் ஏந்திய பலகாரத் தட்டை இங்கே சர்வர் ஏந்தினார். பெண் நாற்காலியில் எதிரே அமர்ந்தாள்.

ஆனால் ஓட்டலில் பில் வரும். கையில் பணமில்லை, என் பங்கையும் நீயே கொடுத்துவிடு, பிறகு தந்துவிடுகிறேன் என்பது மூர்த்தியின் வாடிக்கையான வேண்டுகோளாக இருந்தது. சுதா பணத்தைக் கொடுத்ததோடு நிற்காமல், ஒவ்வொரு தொகையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தார். 1976-ல் மூர்த்தி வேலையை விட்டு சாஃப்ட்ரானிக்ஸ் என்ற சொந்த மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்க, அது சுமார் ஒன்றரை ஆண்டில் மூடப்பட்டபோது, கடனும் வளர்ந்து 4,000 ரூபாயைத் தாண்டியது. திருமணச் செலவு முழுவதையும் 800 ரூபாயில் முடிக்க முடிந்த அக்காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதைத் தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை.

இந்த நோட்டுப் புத்தகம் வேடிக்கைச் செய்தியாகவே பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுகிறது. சமூகவியல் நோக்கில் அதற்கு வேறு பொருள் உண்டு. ஆண் செலவழித்து, பெண் ஏற்றுக்கொள்ளும் பழக்கத்தில், பெண்ணின் மீது சொல்லப்படாத ஒரு கடன் ஏறிவிடுகிறது. இங்கே கடன் எதிர்ப்பக்கத்தில் இருந்தது, எழுத்திலும் இருந்தது. எழுதிவைத்த கடன் யாரையும் அடிமைப்படுத்துவதில்லை. திருப்பித் தரப்படும் என்ற மரியாதையை அது கடன்பட்டவருக்கே அளிக்கிறது. தந்தை கேட்ட சம்பளக் கேள்விக்கு மூர்த்தியிடம் விடை இல்லாதபோது, அந்த விடையைச் சுதா தம் சம்பளத்திலிருந்து தவணை தவணையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்றும் சொல்லலாம்.

800 ரூபாயும் 10,000 ரூபாயும்

1977-ன் இறுதியில் பம்பாயில் பட்னி கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தில் பொது மேலாளர் பதவி மூர்த்தியைத் தேடி வந்தது. பயிற்சிக்காக அமெரிக்கா செல்லுமுன் திருமணத்தை முடித்துவிட அவர் விரும்ப, நிலையான வேலை என்ற நிபந்தனை நிறைவேறியதால் தந்தையும் இசைந்தார். 1978 பிப்ரவரி 10 அன்று, பெங்களூரில் மூர்த்தியின் வீட்டில், இரு குடும்பத்தார் மட்டுமே கூடிய எளிய திருமணம் நடந்தது. ஆளுக்கு 400 ரூபாய் போட்டு 800 ரூபாயில் எல்லாம் முடிந்தது. கடன் நோட்டுப் புத்தகத்தைத் திருமணத்துக்குப் பின் சுதா கிழித்துப் போட்டுவிட்டார். அதிலிருந்த தொகை திரும்பவே இல்லை.

1981-ல் மூர்த்தியும் நண்பர்கள் ஆறு பேரும் சேர்ந்து இன்ஃபோசிஸ் தொடங்க முனைந்தபோது, முதலீடாகக் கையில் ஒன்றும் இல்லை. கணவருக்குத் தெரியாமல் சேமித்து வைத்திருந்த 10,000 ரூபாயைச் சுதா எடுத்துக் கொடுத்து, மூன்று ஆண்டுகளுக்கு வீட்டுச் செலவைத் தாம் பார்த்துக்கொள்வதாக உறுதியளித்தார். புனேயில் பதிவான அந்த நிறுவனம் 1983-ல் பெங்களூருக்குப் பெயர்ந்தது. ஓட்டல் பில்லில் தொடங்கிய ஏற்பாடு அப்படியே தொடர்ந்து ஒரு நிறுவனத்தின் அடித்தளம்வரை சென்றது என்பதை இந்த வரிசை தெளிவாகக் காட்டுகிறது.

எல்லோருக்கும் வாய்க்காத களவு

இந்தக் கதையை எல்லாக் காதலுக்கும் முன்மாதிரியாகக் கொள்வதில் ஓர் ஆபத்து உண்டு. இருவரும் கன்னடம் பேசும் பிராமணக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தாயார் சொன்ன நல்ல குடும்பம் என்ற சொற்களுக்குள் எத்தனையோ கேள்விகள் கேட்கப்படாமலே விடை பெற்றுவிட்டன. அதனால்தான் தந்தையின் எதிர்ப்பு சம்பளத்தோடு நின்றது, சம்பளம் வந்ததும் மறைந்தது. இந்தியாவில் சாதி கடந்த திருமணங்கள் நூற்றுக்கு ஐந்து என்ற அளவிலேயே இருப்பதாக நாடளாவிய குடும்ப ஆய்வுகள் காட்டுகின்றன. சாதி குறுக்கே நின்றால் மூன்றாண்டுப் பொறுமையும் பயன் தராது என்பதை, 2016-ல் மராட்டியத்தையே உலுக்கிய நாகராஜ் மஞ்சுளேயின் சைராட் திரைப்படம் சொல்லிற்று. அதே ஆண்டு, சாதி கடந்து மணந்த இளைஞர் ஒருவர் உடுமலைப்பேட்டையின் கடைவீதியில் கொல்லப்பட்டதைத் தமிழ்நாடு மறந்திருக்க முடியாது. வயது வந்த இருவரின் திருமணத்துக்குக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ சட்டப்படி தேவையில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் தெளிவாக்கிய பிறகும், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணக்க விரும்புவோரின் பெயர்களை 30 நாட்கள் அறிவிப்பாக வைக்கும் விதி, மறைவு தேவைப்படும் இணைகளுக்கு இடராகவே இருக்கிறது.

இன்றைய புனேயிலும் அந்த மறைவின் தேவை கண்ணுக்குத் தெரிகிறது. இராவதி கார்வே 1950-களில் ஸ்கூட்டர் ஓட்டியபோது அது ஊர் பேசும் செய்தி. இன்றோ முகம் முழுவதும் துப்பட்டாவைச் சுற்றி, கண்களை மட்டும் காட்டியபடி இளம்பெண்கள் ஸ்கூட்டரில் விரைவது அந்நகரின் அடையாளக் காட்சி. தூசிக்கும் வெயிலுக்கும் காப்பு என்று சொல்லப்படும் அந்தத் துணி, பின்னிருக்கையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதைத் தெரிந்தவர் கண்ணிலிருந்து மறைக்கவும் உதவுகிறது. மாலை வேளையில் முட்டா ஆற்றின் மேல் இரு சக்கர வண்டிகளுக்கென அமைந்த இசட் பாலத்தின் ஓரங்களில் வண்டியை நிறுத்தி இணைகள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். ஹிஞ்சவடியின் மென்பொருள் வளாகங்களில் பணியாற்றுவோருக்கு, புத்தகம் கொடுத்த நண்பரின் இடத்தில் கைப்பேசிச் செயலி நிற்கிறது. ஒருவரைப் பற்றி முன்கூட்டியே மனத்தில் ஒரு சித்திரம் எழுவதும், நேரில் கண்டதும் அது கலைவதும் மட்டும் மாறவில்லை.

மாறியது, வீட்டாரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கும் காலத்தில் பெண்ணின் கையில் என்ன இருக்கிறது என்பதே. 1974-ல் பிம்ப்ரித் தொழிற்கூடத்துக்குள் ஒரு பெண் நுழையாதிருந்தால், கிரீன் ஃபீல்ட்ஸ் வாசலில் யாரும் அரை மணி நேரம் முன்னதாக வந்து நின்றிருக்கத் தேவையில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதப் பணமும் இருந்திருக்காது. விளம்பரத்தின் அடியில் அச்சான அந்த ஒற்றை வரியை எதிர்த்து எழுதிய அஞ்சல் அட்டையில்தான் இந்தக் காதலின் முதல் செலவுக் கணக்கு தொடங்குகிறது.